உள்ளே உதறிய சட்டை

என் மனைவி ராஜாத்தி ஏரியிலிருந்து கரையேறியபோதுதான் அதை முதலில் பார்த்தேன். கையால் தடவி இறால் பிடிப்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. பல்லில் கடித்திருந்த ஓலைப் பறிக்கூடைக்குள் இறால்கள் துள்ளின. ஈரச் சேலைக்குள், தொப்புளருகே, இன்னொன்றும் அசைந்தது. எலுமிச்சை அளவு. மணலில் படுக்கச் சொன்னேன். சுவடில்லாமல் உள்ளே போய்விட்டது. எழுந்தாள், மறுபடி வந்து எட்டிப் பார்த்தது.

"தண்ணில இருக்கசொல்லோ இது இல்லவே இல்ல. கரைக்கு வந்தாத்தான் வருது" என்றாள்.

மருமகன் உலகநாதன் தன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். "எறா ஒண்ணு உள்ள பூந்துக்கிச்சி அத்தே" என்று வழியெல்லாம் கிண்டல்.

எர்னியா, அதாவது குடலிறக்கம், தைத்துவிடலாம் என்றார்கள். அதற்கு முன் ஸ்கேன். பிறகு வயிற்று நீரை ஊசியில் எடுத்துப் பரிசோதனை. இன்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்.

"எர்னியா வெறும் அறிகுறிதாங்க ஐயா. வயித்துச் சவ்வுல புத்துநோய். அங்க தண்ணி கோத்துத் தள்ளுறதாலதான் குடல் வெளிய வருது. இது பெரும்பாலும் கல்நார்த் தூசியால, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால வர்றது. வீட்ல யாராவது ஷீட்டுக் கம்பெனில வேல பாத்தாங்களா? அந்தத் தூசி பட்ட எல்லாரையும் நான் பாக்கணும்."

கட்டிலில் படுத்திருந்த ராஜாத்தி முந்திக்கொண்டாள். "இவுரு அந்தக் கம்பெனிதான். ஆனா ஆபீஸ்ல கிளார்க்கு. தூசி கீசி இன்னா தெரியும் இவுருக்கு?"

"கிளார்க் வூட்டுப் பொண்ணுனுதான் எங்கம்மா கட்டி வச்சிது" என்றான் உலகநாதன் பெருமையாக.

முப்பது வருடம் அப்படித்தான். எளாவூரில் ரயிலேறும்போது வெள்ளைச் சட்டை, இறங்கும்போதும் அதே. கல்நார்ச் சாக்குகளைப் பிரித்து உதறும்போது போட்ட காக்கிச் சட்டை பைக்குள் மடிந்து வரும். வாசலில் உதறினால் ஊர் பார்க்கும். கதவைச் சாத்தச் சொன்னேன். அவள் உள்ளேயே உதறினாள். ஓட்டுச் சந்தில் விழும் வெயிலில் வெண்பொடி இறங்காமல் நிற்கும். அதன் கீழே மகள் வைஷ்ணவியின் தூளி.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"கிளார்க் இல்லம்மா. சாக்கு உதறுனவன். அந்தத் துணிய இவ வூட்டுக்குள்ள உதறுனா. மாப்ளே, வைஷ்ணவியும் அங்கதான் தூங்குனா."

உலகநாதனின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

ராஜாத்தி எழுந்தாள். தொப்புளருகே அது மெல்ல வெளியே வந்தது. ஒரு கையால் பொத்திக்கொண்டு நடந்துபோய், மறுகையால் அறைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள்.

ஜன்னல் வெயிலில் ஏதோ பொடி, இறங்காமல் நின்றது.