சிலிண்டர் மாற்றும் நேரம்

அப்பாவின் தலையில் சீயக்காய் வைக்க விமலன் குனிந்தபோது வேட்டி மடிப்பில் செருகியிருந்த போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தது. கிள்ளான் வீட்டின் கார் போர்ச்சில் நாற்பது பேர் நின்றார்கள். நாற்பது பேருக்கும் கேட்டது.

“எடுக்காத,” என்றாள் அக்கா புனிதா.

எடுத்தான். சுபாங் ஜெயா ஆய்வுக்கூடத்திலிருந்து கேரன்.

“சாரி விமலன், கேஸ் முடியப்போகுது. புது சிலிண்டர் இருக்கு, பழசோட நட்டு திரும்ப மாட்டேங்குது லா! கேஸ் நின்னா செல்லெல்லாம் போயிரும்.”

மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருந்தவை உயிருள்ள செல்கள். அவற்றுக்குள் விமலன் நேற்று ஒளிரும் நுண்துகள்களை ஏற்றியிருந்தான். வழக்கமான சாயம் சில நிமிடங்களில் மங்கிவிடும். இவை நாள்கணக்கில் மங்காமல், செல் செய்வதையெல்லாம் தெளிவாகக் காட்டும். அந்த மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு மாத முன்பதிவு. அப்பா முன்பதிவு செய்யவில்லை. நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து புனிதா “உடனே வா” என்றாள். துகள்களைப் பாதி ஏற்றியிருந்தவன் “பத்து நிமிஷம்க்கா” என்றான். அவன் போனபோது எல்லாம் முடிந்து, அப்பாவின் கையில் ஊசி கழற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. இன்று செல்களும் செத்துவிட்டால், அந்தப் பத்து நிமிடம் எதற்கென்று அவனாலேயே சொல்ல முடியாது.

“என்னடா பிரச்சன?” பக்கத்து ஊரான மேருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ராஜன் மாமா நெருங்கினார். காலையிலிருந்து அவருக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை. நாற்காலிகளை மட்டும் மூன்று முறை அடுக்கியிருந்தார்.

“கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நட்டு மாமா. திரும்பலயாம்.”

“ஸ்பீக்கர்ல போடு. தங்கச்சி, எந்தப் பக்கம் திருப்புற?”

“வலது பக்கம் அங்கிள்.”

“ஐயோ, அது வெல்டிங் கேஸ் அசெட்டிலினுக்கும்மா. இன்னும் டைட்டாக்கிட்ட. மொதல்ல வால்வ மூடு. மூடிட்டியா? இப்ப இடது பக்கம்.”

“பெரிய ஸ்பானரா எடுக்கச் சொல்லுங்க,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“சுத்தியல்ல ஒரு தட்டு,” என்றார் இன்னொருவர்.

“தட்டவே கூடாது,” என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம், மணியைக் கீழே வைத்துவிட்டு. அவர் பத்து வருடம் தொழிற்சாலையில் இருந்தவர்.

“அப்பா காத்துக்கிட்டு இருக்காரு,” என்றாள் புனிதா.

விமலனுக்கு மட்டும் கேட்டது.

போனில் ஏதோ சீறி அடங்கியது. “வந்துருச்சு அங்கிள்!”

இரண்டு பேர் கைதட்டத் தொடங்கி, எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

சற்று நேரத்தில் கேரனிடமிருந்து ஒரு காணொளி வந்தது. புனிதா போனைப் பிடுங்கினாள். இருட்டில் பச்சைப் புள்ளிகள் நிறைந்த ஓர் உருண்டை நடுவில் மெல்ல ஒடுங்கி இரண்டானது.

“இதுக்குத்தானா?”

“ம்.”

இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். போனை அணைத்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, சொம்பைத் தம்பியின் கையில் திணித்தாள்.

அப்பா சபாபதி முப்பது வருடம் லோரி ஓட்டியவர். ஜன்னலில் ஊன்றிய வலது கை மட்டும் முழங்கைவரை கறுத்திருந்தது. விமலன் அங்கே தேய்த்தான். தண்ணீர் ஊற்றினான். மறுபடியும் அழுத்தித் தேய்த்தான்.

“அது வெயிலுடா. போகாது,” என்றார் மாமா.

அவன் இன்னொரு சொம்பு மொண்டான்.