முதல் மீன்

கணேஸ் அண்ணனைக் கூடப்பிறந்தவராகவே நினைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேராதனையிலிருந்து கலஹா போகும் வழியில் ஒரு தனியார் பூங்கா. அங்கே எனக்கு வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். ராணி என்ற கடற்சிங்கத்துக்கு அவர் பயிற்சியாளர். மீன் தயார் செய்வது நான், ஊட்டுவது அவர். ஐஸில் கிடந்த மீனில் விற்றமின் குறைந்துபோகும், அது போதாவிட்டால் ராணிக்கு நரம்பு தளரும் என்று மிருக வைத்தியர் லாபிர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் முதல் மீனின் செவுளுக்குள் மாத்திரையைச் செருகிவைப்பேன். பசியில் முதல் மீனைத்தான் ராணி முழுசாக விழுங்கும். அதை வாயில் வைத்து ஊட்ட வேண்டும், எறியக் கூடாது. அண்ணனுக்கும் இது நன்றாகத் தெரியும்.

சித்திரை லீவு முடிந்தபோது ராணியின் தலை ஆடத் தொடங்கியது. மீனை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அனுஷியா மாத்திரை வைக்க மறந்துருது சேர். அதுக்கு வீட்டுல ஆயிரம் பிரச்சின."

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் மனேஜர்.

அன்று பின்னேரம் தொட்டியின் வடிகட்டிக் கூடையைக் கழுவும்போது கையில் பிசுபிசுத்தது. பாதி கரைந்த மஞ்சள் மாத்திரைகள், நான் வைத்தவை. காலைக் காட்சியில் சனம் கைதட்டுவதற்காக முதல் மீனையும் அண்ணன் உயரே எறிந்திருக்கிறார். மாத்திரை தண்ணீரில் விழுந்திருக்கிறது. கூடையோடு போய்க் கேட்டேன்.

"விழுந்ததப் பாத்தேன். சொன்னா என் வேல போயிரும்மா."

"அப்ப என் வேல?"

கூடையை அப்படியே மனேஜரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் ஊசி போட வைத்தியர் வந்தார். ராணி யாரையும் அண்டவிடவில்லை. என் கைக்கு மட்டும் வரும் என்பதால், மீனைக் காட்டி அழைக்கச் சொன்னார். தள்ளாடி வந்து என் உள்ளங்கையில் தாடையை வைத்தது. வலை விழுந்தது. அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ராணி பிழைத்துக்கொண்டது. என் வேலையும் தப்பியது. அண்ணனை டிக்கெட் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது முதல் மீனை நான்தான் நீட்டுகிறேன். ராணி எட்டவே நின்று என் கையைப் பார்க்கிறது. மீனைத் தரையில் வைத்துவிட்டு நான் விலகிப் போன பிறகுதான் வந்து விழுங்குகிறது.

கேட்டைக் கடக்கும்போதெல்லாம், "சாப்புட்டியாம்மா?" என்று கேட்கிறார் அண்ணன். நானும் அவர் பக்கத்தில் நிற்பதில்லை.