மூன்று பேருக்கு மட்டும்

இலவசக் காலம் இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது என்று கணினித் திரையில் சிவப்புப் பட்டை மினுங்கியது. பல் டாக்டர், நாற்காலியில் ஒரு நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டு நான்காவது முறையாக வந்து பார்த்தார்.

நோயாளிகளுக்கு நேரம் குறிக்கும் மென்பொருள் அது. ‘அடிப்படை’த் திட்டத்தில் மூன்று பேர் உள்ளே நுழையலாம். ‘வளர்ச்சி’யில் பத்து பேர், கட்டணம் மூன்று மடங்கு. கிளினிக்கில் இருந்ததோ நாலு பேர்: டாக்டர், டாக்டரம்மா, ரிசப்ஷனிஸ்ட், டாக்டரம்மாவின் தம்பி. தம்பிக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லாததால், சி.இ.ஓ. என்று அவனே கார்டு அடித்து வைத்திருந்தான்.

“வளர்ச்சியே வாங்குங்க மாமா. பெருசா யோசிக்கணும்.”

“மிச்ச ஆறு இடத்துல யாரடா உக்கார வைக்கிறது? பல்லு பிடுங்க வந்தவனையா?”

“அப்போ ரிசப்ஷன்ல ஆள் எதுக்கு? நேரம் குறிக்கிறது பெரிய வித்தையா? நானே பாத்துக்கறேன்.”

எட்டு வருடமாக அந்த மேசையில் இருந்த ரிசப்ஷனிஸ்ட் எழுந்தாள், உட்கார்ந்தாள், ஊசி இல்லாத ஸ்டேப்ளரை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

நாலே முக்காலுக்கு டாக்டர் அடிப்படைக்கு ஒரு வருடப் பணம் கட்டினார். மச்சானை நீக்கிவிட்டு வீட்டுக்குள் கால் வைக்க முடியாது; மூன்றாவது பெயராக அவனையே சேர்த்தார். “மாசக் கடைசி வரைக்கும் இருந்து அவனுக்குச் சொல்லிக் குடும்மா” என்றார் ரிசப்ஷனிஸ்டிடம், சுவரைப் பார்த்து.

சி.இ.ஓ. சொல்லிக் கேட்கிற ஆளா? நோயாளிகளுக்குப் போகும் குறுஞ்செய்தியில் தன் பதவியையும் சொந்தக் கைபேசி எண்ணையும் கம்பீரமாகப் பதித்தான். மறுநாள் விடியும் முன்பே முதல் அழைப்பு.

“சி.இ.ஓ. சாரா? கடவாய்ப்பல்லு கையோட வந்துடுச்சு. கழுவி வைக்கவா, அப்படியே வைக்கவா?”

அன்று நாற்பது அழைப்புகள். இரண்டாம் நாள், ஒரே நேரத்தை ஐந்து பேருக்குக் கொடுத்திருந்தான். கன்னம் வீங்கிய ஐவரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் கைபேசியை அணைத்துவிட்டு வந்தான்.

“மாமா, சி.இ.ஓ.ன்னா மேலோட்டமா பாக்கறவன். எனக்கெதுக்கு லாகின்?”

“இதை உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு.”

அவன் பெயர் போய், அவள் பெயர் ஏறியது.

“இது எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“ஒரு வருஷத்துக்குக் கட்டியிருக்கேம்மா.”

அவ்வளவுதான் உத்தரவாதம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முந்தின நாள் திரும்பிப் போய் மறுபடி வந்திருந்த அந்த ஐந்து பேரில் யாருக்கு வலி அதிகம் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.