ஏரிக்கரைக் கக்கூஸ்

பென்னாகரத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊருக்கு எண்பத்தாறாம் வருசம் அரசாங்கம் கக்கூஸ் கட்டிக் கொடுத்தது. ஏரிக்கரையில் பெண்களுக்கென்று இரண்டு அறை, தகரக் கதவு, ஒரு குழாய். குழாயில் நாலு நாள் தண்ணீர் வந்தது. அரசாங்கத்துத் தண்ணீர் அவ்வளவுதான் வரும்.

சுவரில் 'பொதுக் கழிப்பிடம்' என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பேரை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. ஆம்பளைகள் கக்கூஸ் என்றார்கள். பெண்கள் அதையும் சொல்லமாட்டார்கள். விடியுமுன்னே பக்கத்து வூட்டுச் சுவரோரம் நின்று "வர்றியா?" என்பார்கள். எங்கே என்று எவளும் கேட்கமாட்டாள். காய்ச்சலோ சண்டையோ, கூப்பிட்டால் துணைக்கு எழுந்து போயாக வேண்டும்.

ராயம்மாள் ஒரு நாள் போகவில்லை.

அது கக்கூஸ் வருவதற்கு முந்தின ஐப்பசி. தூறலும் குளிருமாக இருந்தது. பக்கத்து வூட்டு இசபெல்லா, கல்யாணம் பேசி வைத்திருந்த பெண், "ராயக்கா, வர்றியா?" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். விழித்துக் கிடந்த ராயம்மாள் போர்வையை இழுத்துக்கொண்டாள். தனியாகப் போன பெண்ணை ஏரிக்கரைப் புதரில் கட்டுவிரியன் கடித்தது. பொழுது வெளுத்த பிறகு பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். "எனக்குக் கேக்கலியே" என்று ராயம்மாள் தலைமாட்டில் விழுந்து அழுதாள். ஊர் நம்பியது.

அந்தப் புதரை வெட்டித்தான் கக்கூஸ் கட்டினார்கள்.

கதவு இருக்கிறதே, துணை எதற்கு என்று ராயம்மாள் ஒரு சாயங்காலம் தனியாகப் போனாள். தாழ் போட்டு உட்கார்ந்ததும் பக்கத்து அறையிலிருந்து தூக்கம் கலையாத குரல் வந்தது. "ராயக்கா, வர்றியா?" வெளியே வந்து பார்த்தாள். பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே காய்ந்த சிமெண்டுத் தரைதான்.

அப்புறம் அவள் அங்கே போகவில்லை. வேறெங்கே போவது? கரை முழுக்க வெட்டவெளி. சோற்றைக் குறைத்தாள், தண்ணீரைக் குறைத்தாள். நாலாம் நாள் அடிவயிறு கல்லாகிச் சுருண்டு படுத்தாள். கக்கூஸில் குரல் கேட்டதை மட்டும் புருஷனிடம் சொன்னாள்.

"பேய்க்கு வேற எடமா கெடைக்கல, கக்கூஸ்ல வந்து குந்திக்கிச்சா?" என்றான் புருஷன் செபாஸ்டின். "சாமியாரக் கூட்டியாந்து தீர்த்தம் தெளிக்கச் சொல்லட்டுமா? மூக்கப் புடிச்சிக்கிட்டு ஓடுவாரு."

அவள் சிரிக்கவில்லை. யாரிடம் என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் இசபெல்லா வூட்டுப் பக்கத்தில் குடியிருக்க முடியாது. சொல்லாவிட்டால் குரல் விடாது.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். இசபெல்லாவின் அம்மா ஆரோக்கியம்மாள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அன்னிக்கு அவ கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு. குளுருக்குப் படுத்துக்கிட்டேன். இப்ப அந்த ரூமுக்குள்ள இருந்து கூப்புடறா."

ஆரோக்கியம்மாள் நிமிரவில்லை.

"மொதல்ல என்னியத்தான் எழுப்புனா. ராயியக் கூட்டிக்கிட்டுப் போடின்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். உன்ன ரெண்டு தரம் கூப்புட்டா. உன் கதவு தொறக்கல. அதுவும் கேட்டுச்சு."

ராயம்மாள் அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் ஆத்தா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ திருப்பி என்னியக் கேப்பியே."

ஆரோக்கியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு சொம்பை எடுத்தாள். "வயித்த வலியோட கெடக்காத. எந்திரி."

இரண்டு பேரும் ஆளுக்கொரு அறைக்குள் போனார்கள். தகரக் கதவுகளில் தாழ் விழுந்தது. ராயம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம்மாள் யாருக்கோ மெதுவாகப் பதில் சொன்னாள்.

"இதோ வரேன் கண்ணு. அம்மா எந்திரிச்சிட்டேன்."