இரண்டாவது கடைக்கு ஆள்

“ஜனங்களே உள்ள போயி, வேணுங்கறதை அவங்களே எடுத்துக்குவாங்களா?”

“ஆமா.”

“அப்போ எனக்கு என்ன வேலை?”

“வாசல்ல மேஜை போட்டு உட்காரு, வெர்னா. கொண்டு வர்றதைப் பார்த்துக் கணக்குப் போடு. ஒன்பது வருஷமா நின்ன காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு.”

மார்ச் மாதம் மெம்பிஸ் நகரில் அப்படியொரு கடையைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எல்பர்ட் க்ளட்ஸ் சொன்னது அது. வெர்னாவின் இறந்துபோன கணவனுக்கு அவர் அண்ணன். வடக்குக் கரோலினாவின் பஞ்சாலை ஊர் ஒன்றில் மளிகைக்கடை வைத்திருந்தார். “இது ஓடுச்சுன்னா பக்கத்து ஊர் லேண்டிஸ்ல இன்னொண்ணு போடுவேன்” என்றும் அன்று சொன்னார். அந்தக் கடையை என் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்க வெர்னாவுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் எல்பர்ட்டின் மச்சினன் லூதர் முந்திக்கொண்டான். “ஆளைத் தேடி அலையாதீங்க, அதான் நான் இருக்கேனே!” பத்து மணிக்கு முன்னால் படுக்கையை விட்டு எழுந்த பழக்கமில்லாதவன். எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்து வைத்தாள். கேட்க வந்ததை விழுங்கிவிட்டாள்.

ஜூனில் நீளமான கவுண்டரைப் பெயர்த்து எடுத்தார்கள். சுவர் முழுக்க அலமாரி, வாசலில் ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்கட்டை, சார்லட்டிலிருந்து வரவழைத்த பளபளக்கும் கம்பிக் கூடைகள். முதல் நாள் ஊரே வந்து பார்த்தது. பார்த்ததோடு சரி. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு தேர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, உப்பும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

“மீதியை எங்கதான் வாங்குறாங்க?” எல்பர்ட் தலையைச் சொறிந்தார். “இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா கவுண்டரைத் திரும்ப அடிச்சிட வேண்டியதுதான். லேண்டிஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அன்றிலிருந்து வெர்னா மேஜையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவரையும் கவனித்தாள். வியாழக்கிழமை திருமதி ஓவர்காஷ் வந்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலில் முதல் வரிசை. புகையிலைப் பொடி டப்பா இருந்த அலமாரிப் பக்கம் மூன்று முறை போய்வந்தாள். மூன்று முறையும் பின்னாலேயே பாதிரியாரின் மனைவி. கடைசியில் வெறும் உப்போடு மேஜைக்கு வந்தாள்.

“ஒரே புழுக்கம்டியம்மா. இன்னொரு நாள் வர்றேன்.”

வெர்னாவுக்குச் சட்டென்று விளங்கியது. கவுண்டர் இருந்த காலத்தில் அந்தப் பொடி டப்பாவைப் பழுப்புத் தாளில் சுற்றி மாவு மூட்டைக்கு அடியில் வைத்துக் கொடுத்தவளே அவள்தான். யார் வீட்டில் மட்ட ரக மாவு, யார் இருமல் மருந்தென்று சொல்லிச் சாராய வாடை அடிக்கும் டானிக் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கும் அந்தந்த வீட்டுக்கும் மட்டுமே தெரியும். இப்போது கம்பிக் கூடை வழியே ஊருக்கே தெரிந்தது.

“கூடையை மாத்துங்க” என்றாள் எல்பர்ட்டிடம். “அவங்கவங்க வீட்டு முட்டைக் கூடையையே கொண்டு வரச் சொல்லுங்க. மேல துணி போட்டு மூடிக்கட்டும்.”

“மூடின கூடையா? நல்லா இருக்கு! கடையைத் திறந்து வச்சு, திருடிட்டுப் போங்கன்னு கும்பிடு போடச் சொல்றியா?”

“மேஜைக்கு வந்ததும் துணியை எடுத்துத்தானே ஆகணும்? நான் ஒருத்திதான் பார்ப்பேன். ஒன்பது வருஷமா பார்க்கறேன். இதுவரைக்கும் யார்கிட்டயாவது வாயைத் திறந்திருக்கேனா?”

எல்பர்ட் ஒரு கம்பிக் கூடையைக் கையில் எடுத்தார். “என் பொண்டாட்டி இங்க என்ன வாங்குறான்னு என்கிட்டயே சொன்னதில்லையே நீ” என்று முணுமுணுத்துவிட்டு, கம்பிக் கூடைகளைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனார்.

பொடியையும் டானிக்கையும் வெர்னா மாவு மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய மூலைக்கு மாற்றினாள். வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்காதபடி மேஜையைச் சுவரோரம் திருப்பிப் போட்டாள். அடுத்த சனிக்கிழமை கட்டம் போட்ட துணிகளும் பூப்போட்ட துணிகளும் மூடிய கூடைகள் வரிசையில் நகர்ந்தன. திருமதி ஓவர்காஷ் துணியின் ஓரத்தை அரையங்குலம் மட்டும் தூக்கினாள். வெர்னா குனிந்து பார்த்தாள், விலையைக் குறித்தாள், துணியை இழுத்து மூடினாள்.

“நல்ல ஏற்பாடும்மா” என்றாள் திருமதி ஓவர்காஷ். “காத்தும் நல்லா வருது.”

விற்பனை ஏறிவிட்ட ஆகஸ்டில் ஒரு மத்தியானம், எல்பர்ட் லேண்டிஸ் கடையின் சாவியோடு வந்தார். கோகோ கோலா பாட்டிலைத் திறந்து வெர்னாவிடம் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“திங்கட்கிழமை அலமாரி அடிக்கறாங்க. லூதர் கிட்ட சொல்லிட்டேன். நீ ஒரு வாரம் போயி இந்தக் கூடை சமாசாரம், மூலை சமாசாரம் எல்லாத்தையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துட்டு வந்துடு.”

“லூதருக்கா?”

“அவன்தான் அப்பவே கேட்டு வச்சானே.”

வெர்னா பாட்டிலை மேஜையில் வைத்தாள். லூதர் கேட்டான், அதனால் கிடைத்தது. அவள் கேட்கவில்லை. தம்பியின் மனைவிக்கு இப்படி ஓர் ஆசை இருக்கும் என்று இந்த மனிதருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

“லேண்டிஸ்ல மூடின கூடையோட வர்ற பொம்பளைங்க, லூதர் முன்னாடி துணியைத் தூக்குவாங்களா, எல்பர்ட்?”

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“அந்த மேஜையில நான் உட்கார்றேன். கடையையும் நானே நடத்தறேன். மார்ச் மாசமே கேட்டிருக்கணும். இப்போ கேக்கறேன். அந்தக் கடையை எனக்குக் கொடுங்க.”