விறகோடு போன நிழல்

கோடை தொடங்கிய ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு, விறகுக்காரரின் மனைவி ஓங்கிப் போட்ட கோடரி கட்டையைப் பிளந்ததோடு நில்லாமல், தரையில் கிடந்த அவள் கணவரின் நிழலையும் குதிகாலை ஒட்டித் துண்டாக்கிவிட்டது. ஈரத் துணி கிழிந்தது போலச் சத்தம் கேட்டது என்றாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தையல்காரர் மனைவி. அவளுக்கு எல்லாமே துணிதான். ஆனால் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்தி என்பதால் நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

அந்த முற்றத்தில் கட்டையைக் காலால் அணைத்துப் பிடிப்பது அவர், வெட்டுவது அவள். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். 'வீட்டுக்காரம்மா ஓங்குறா, வீட்டுக்காரர் வாங்குறார்' என்று தெருவில் சிரிப்போம். அன்று அடித்த வெயிலில் இருவர் கண்ணிலும் வியர்வை. நிழல் அறுந்தது தெரியாமல், பிளந்த துண்டுகளோடு சேர்த்து அதையும் கட்டி பேக்கரிக்கு அனுப்பிவிட்டார்கள். உச்சிப்பொழுதில் யாருக்குமே நிழல் இல்லாததால் சந்தேகம் வரவில்லை. நாலு மணிக்கு டீக்கடைக்காரர்தான், "அண்ணே, உங்க நிழல் எங்க?" என்று கேட்டார். "வீட்ல கெடக்கும், வந்துரும்" என்றார் இவர்.

வரவில்லை. நிழல் இல்லாத உடம்புக்குள் இறங்கிய வெயிலுக்கு வெளியேற வழி தெரியவில்லை. வியர்வை நின்றது. நெஞ்சில் போட்ட ஈரத்துணி பத்து எண்ணுவதற்குள் காய்ந்தது. டாக்டர் தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்றார். மனைவி முற்றத்தில் அடுக்கியிருந்த விறகையெல்லாம் பிரித்துப் போட்டுத் தேடினாள். நிழல் கட்டோடு போனதைத் தையல்காரர் மனைவி மூன்றாம் நாள்தான் சொன்னாள். கேட்காததால் சொல்லவில்லையாம்; கேட்காமல் அவள் சொல்லாத ஒரே செய்தி அதுதான்.

பேக்கரிக்காரர் கையைப் பிசைந்தார். "அக்கா, அந்தக் கட்டு அன்னிக்கே எரிஞ்சு போச்சு. ரொட்டி பூரா ஒரு பக்கம் கறுத்தே வந்துச்சு, நான் மாவைத் திட்டிக்கிட்டிருந்தேன்." அந்த ரொட்டியை நாங்கள் எல்லோரும் தின்றிருந்தோம்.

மறுநாள் விடிந்ததும், நிழல்கள் நீளமாக இருக்கும் வேளையில், அவள் கணவரைக் கைத்தாங்கலாக முற்றத்துக்குக் கூட்டிவந்தாள். கால்களை அகட்டிச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் நிழல் மதில்வரை ஓடியது. கோடரியை அவர் கையில் கொடுத்தாள்.

"தலையிலேர்ந்து ஆரம்பிச்சு நேரா வாங்க. எனக்குப் பாதி போதும்."

"கிறுக்கா உனக்கு? என் குறி எப்படின்னு தெரியாதா? கடைசி வெட்டு உன் ரெண்டு காலுக்கும் நடுவுல விழணும். தப்பிச்சுன்னா?"

"இத்தனை வருஷம் உங்க கால் பக்கத்துலதான நான் வெட்டினேன். ஒரு நாளாவது காலை இழுத்தீங்களா?"

அவர் கோடரியை ஓங்கினார். மதிலுக்கு வெளியே நின்று நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரே போடில் முடித்திருப்பாள். அவருக்கு ஏழு தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் நடுவே கோடரியை ஊன்றி மூச்சு வாங்கினார். ஏழாவது அவள் கட்டைவிரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி மண்ணில் இறங்கியது. அவள் இமைகூட அசையவில்லை.

அறுந்த பாதி கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மெல்ல நகர்ந்து அவர் குதிகாலில் ஒட்டிக்கொண்டது. முதலில் மேலுதட்டில் வியர்வை அரும்பியது, அப்புறம் நெற்றியில். பின் தண்ணீர் கேட்டார். வெட்டு கோணலாகப் போனதில் நிழலின் காது இரண்டும் அவர் பங்குக்கு வந்திருந்தன. "வெட்டின லட்சணத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே கட்டை மேல் உட்கார்ந்தவள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நாங்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனோம்.

இப்போதும் சாயங்காலத்தில் இருவரும் கடைக்குப் போகும்போது, சாலையில் இரண்டு ஒல்லி நிழல்கள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மட்டும் திரும்பிப் பார்க்கிறார்கள்.