மழையில் விரிக்காத குடை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து என்மேல் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமைகளில் நூலக மாடியில் நான் கதை சொல்வது உங்களில் சிலருக்குத் தெரியும். போன வாரம் பண்டிகைக் கதை ஒன்றை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசைத் தையல்காரம்மா கேட்டார்: "ஏங்க, சாமியே இல்லைங்கறவங்க பண்டிகை அன்னைக்கு என்னதான் பண்ணுவாங்க?"

"இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவாங்க" என்றது பின்வரிசை. ஒரே சிரிப்பு.

கடைசி நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "மத்தவங்க லீவு எடுக்கட்டும்னு வேலைக்குப் போவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார்.

அவர் யார், என்ன வேலை, எனக்குத் தெரியாது. கீழே வருவதெல்லாம் நான் கட்டியது. அந்த ஒரு வரி மட்டும் அவருடையது.

2

முதல் தொடக்கம்: 'கடவுள் நம்பிக்கை இல்லாததால் அவர் மிகவும் தனிமையில்...'

வேண்டாம். தனிமை என்று யார் சொன்னது? மனைவி, மகள், மருமகன், பேத்தி என்று ஆள் இருக்கிறது அவருக்கு.

இரண்டாவது: 'பண்டிகை என்றாலே அவருக்கு எரிச்சல்.'

அதுவும் பொய். பண்டிகை தினத்தில் தெருவெல்லாம் புதுத்துணியாக நடப்பதை அவருக்குப் பார்க்கப் பிடிக்கும்.

மூன்றாவது: அவர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாப் பண்டிகைக்கும் அவர்தான் டூட்டி. சக மெக்கானிக்குகள் குடும்பத்தோடு இருப்பார்கள். இவர் கருவிப்பையோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவார்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மகள் சின்ன வகுப்பில் படித்தபோது 'எங்கள் வீட்டுப் பண்டிகை' என்று எழுதிவரச் சொன்னார்கள். வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு அழுதாள். இவர் லிஃப்டில் மாட்டியவர்களை விடுவித்தே பழகியவர். அழுகையைக் கேட்டால் கை பரபரக்கும். வெளியே அந்த வருடத்தின் முதல் மழை. பரணிலிருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்துக் கூடத்தின் நடுவில் அவள் கையாலேயே விரிக்க வைத்தார். விளக்கை அணைத்தார். மூன்று பேரும் அதன் கீழே இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அடுப்பில் இருந்ததை ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டார்கள்.

"இதான் நம்ம பண்டிகை. பேரு குடைநாள். போய் எழுது."

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்குக் குடைநாள். நாள் பார்க்க வேண்டாம், வானத்தைப் பார்த்தால் போதும். ஆனால் விதிகள் சேர்ந்துகொண்டன. குடையை வீட்டிலேயே இளையவர்தான் விரிக்க வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை மழையைத் தவிர வேறு யாரும் பேசக் கூடாது. அந்தக் குடை மழையில் நனையவே கூடாது.*

(*கடைசி விதி எப்படி வந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எழுதும்போது வந்துவிட்டது.)

4

மகள் வளர்ந்து, சாமி கும்பிடும் வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். இவர் மறுக்கவில்லை. பேத்தி பிறந்தாள், குடையை விரிக்கும் வேலை அவளுக்குப் போயிற்று.

போன வருடக் குடைநாளில் எல்லோரும் இருந்தார்கள். இருட்டு. மழைச் சத்தம். மருமகன் நல்ல பையன். அந்த நெருக்கமும் அமைதியும் அவனை என்னவோ செய்ய, கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டான்.

"இங்க கும்பிடக் கூடாது!"

தட்டே அதிர்ந்தது.

"இல்ல மாமா... மனசுக்கு நல்லா இருந்துச்சு, அதான்..."

"நல்லா இருந்தா? இதுக்குன்னு ஒரு முறை இல்லையா?"

மகள் மெதுவாகக் கேட்டாள். "ஏம்பா, கும்பிட்டா உங்க குடை கோவிச்சுக்குமா?"

மனைவி களுக்கென்று சிரித்துவிட்டார். அதுதான் வினை. அவர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார். சாப்பாடு பாதியில் நின்றது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகள் சொன்னாள்: "எங்க பண்டிகைக்கு ஒரு வருஷமாவது வந்திருக்கீங்களா? எப்பப் பாரு டூட்டி. இனிமே நீங்க வந்தாத்தான் நாங்க வருவோம். இல்லைன்னா அடுத்த மழைக்கு உங்க குடைய நீங்களே விரிச்சுக்குங்க."

எப்படி விரிப்பார்? அதற்கும் முறை இருக்கிறதே.

(இந்த இடத்தில் அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க எழுதவில்லை. பிறகு, தன் கையால் செய்த ஒன்றை நான் யாரிடம் எப்படிப் பொத்திப் பொத்தி வைப்பேன் என்று யோசித்தேன். கோபம் போய்விட்டது.)

5

மகள் வீட்டில் கொண்டாடும் பெரிய பண்டிகை வந்தது. காலையில் மனைவி பையோடு கிளம்பிவிட்டார்.

"நான் மக வீட்டுக்குப் போறேன். எனக்குச் சாமியும் கிடையாது, சண்டையும் கிடையாது. அங்க சாப்பாடு நல்லா இருக்கும்."

"எனக்கு டூட்டி."

"ஆமா, உங்களுக்கு டூட்டின்னு ஒரு சாமி. அதையாவது ஒழுங்காக் கும்பிடுங்க."

இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில், மகள் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் நின்றுபோகிறது. பேத்தி உள்ளே மாட்டிக்கொள்கிறாள். தாத்தா ஓடுகிறார், கதவைத் திறக்கிறார், எல்லோரும் அழுது... உங்களுக்குப் பிடித்திருக்கும், தெரியும். ஆனால் மேலே உட்கார்ந்துகொண்டு கயிறு இழுக்கிற ஆள் யாரும் கிடையாது என்பதுதான் அந்த மனிதரின் ஆயுசு முழுக்கப் பேச்சு. அவர் கதைக்குள்ளேயே நான் அந்த ஆளாக உட்கார்ந்தால், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மழையை மட்டும் பெய்யவிட்டேன். மழை யார் சொல்லியும் வருவதில்லை என்று அவர் தேற்றிக்கொள்வார்.

6

டூட்டி முடிந்து கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது தகரக் கூரையில் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. முதல் மழை. அவர் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றார். வீட்டுக்கு நடந்தார். பரணில் ஏறினார். குடையை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரண்டு முனையையும் டேப்பால் ஒட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

மழை கொட்டியது. சட்டை உடம்போடு ஒட்டி, மூக்கு நுனியில் சொட்டியது. ஒதுங்கி நின்ற ஆட்டோக்காரர் கத்தினார்:

"பெரியவரே! கையிலதான் குடை இருக்கே!"

"இது மழைக்கு இல்லப்பா."

"பின்ன வெயிலுக்கா?"

"பேத்திக்கு."

ஆட்டோக்காரர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "பண்டிகை நாள்ல ஊத்திக்க ஆரம்பிச்சுட்டாரு போல" என்றார் பக்கத்தில் நின்றவர்.

7

மகள் வீடு நான்காவது மாடி. லிஃப்டில் ஏறி, கதவு மூடும் சத்தத்தை வழக்கம்போலக் காது கொடுத்துக் கேட்டார், நன்றாகத்தான் இருந்தது. வாசலில் நின்று மணியை அழுத்த விரலைக் கொண்டுபோனார். உள்ளே எல்லோரும் சேர்ந்து பிரார்த்தனை சொல்லும் குரல். மருமகன் குரல் முன்னால், மகள் குரல் அதன் பின்னால். விரலை இழுத்துக்கொண்டார். நடுவில் கலைக்கக் கூடாது. அதற்கும் ஒரு முறை இருக்கும், இல்லையா?

நின்றார்.

இனி முடிவு. மகள் கதவைத் திறந்து, எல்லோரும் குடைக்குள் நெருக்கி உட்காருவதாக ஒன்று எழுதினேன். கை தானாக எழுதியது, அதனாலேயே நம்பவில்லை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு அவர் திரும்பிப் போவதாக ஒன்று எழுதினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிரும் பிரார்த்தனையின் நீளமும் சேர்ந்தால் அவர் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கயிறு இழுக்க மாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டேன்.

அதனால் உங்களை அந்த வீட்டுக்குள் வைக்கிறேன். விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள்; கதவோரம் நிற்கிறீர்கள். உங்களுக்கு நம்பிக்கை உண்டோ இல்லையோ, நான் கேட்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். நீங்களும் பேத்தியும் மட்டும் மூடவில்லை.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக உள்ளே வருகிறது. நான்காவது மாடியில் மழை எப்படி வாசல் வழியாக வரும்? அவள் தண்ணீரைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள். சத்தம் போடாமல் எழுந்து வருகிறாள். எக்குகிறாள். எட்டவில்லை.

உங்களைப் பார்க்கிறாள்.

தாழ்ப்பாள் உங்களுக்கு எட்டும்.